பரண் மேலே ஒரு பட்டாளம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வரும் போன்களில் இரண்டு வகைதான் உண்டு. ஒன்று, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னொன்று, யாருக்கோ அவசரமாகப் பணம் வேண்டும். போன மாதம் எனக்கு மூன்றாவது வகை ஒன்று வந்தது.

"மாமா, நாம பணக்காரன் ஆயிட்டோம்!" என்றான் என் மச்சினன், கள்ளக்குறிச்சியிலிருந்து.

அந்த 'நாம' எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் மாமனார் வீட்டில் 'நாம' என்று என்னைச் சேர்த்துக்கொண்டதெல்லாம் போர்வெல் போடும்போதுதான். இரண்டு போட்டோம். இரண்டிலும் புகைதான் வந்தது. கடன் மட்டும் ஊற்றுபோலச் சுரந்துகொண்டே இருக்கிறது.

விஷயம் இதுதான். ஓட்டு வீட்டைப் பிரித்து மேயப் பரணைக் காலி செய்திருக்கிறார்கள். கிழிந்த வேட்டியில் சுற்றி ஒரு நீளமான சாமான். பிரித்தால் துப்பாக்கி. மாமனாரின் அப்பா வைத்திருந்தது. "தாத்தா மிலிட்டரியில இருந்தாருல்ல? அதான். த்ரீ நாட் த்ரீ மாமா! அமெரிக்காவுல ஆயிரம் டாலராம். வீடியோ பாத்தேன்."

கூடவே வாட்ஸப்பில் ஒரு படம். மச்சினன் லுங்கியோடு நிற்கிறான். துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, அதன் வாய் மேல் மோவாயை வைத்து, சினிமா போஸ்டர் மாதிரி சிரிக்கிறான். இந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி. எந்தப் பொருளைக் கண்டாலும் புத்தக மதிப்பு என்ன, சந்தை மதிப்பு என்ன, கழிவு மதிப்பு என்ன என்று மூன்று கட்டம் போட்டுவிடுவோம். சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். அதற்குள் ஐந்து ராத்திரி கண் விழித்துத் துப்பாக்கி சாஸ்திரம் படித்தாயிற்று. பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. மதிப்பெண் பட்டியலே சாட்சி.

*

உளுந்தூர்பேட்டையில் திரும்பி, தியாகதுருகம் தாண்டினால் கள்ளக்குறிச்சி. மாமனார் வீடு அங்கிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. அந்த வீடு பிறந்ததிலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் மூன்று மாவட்டங்களில் இருந்துவிட்டது. முதலில் தென்னாற்காடு. 1993 முதல் விழுப்புரம். 2019 முதல் கள்ளக்குறிச்சியே ஒரு மாவட்டம். மேலே மலை இன்னும் வேடிக்கை. நாடு 1947-ல் சுதந்திரம் வாங்கியபோதும் அங்கே ஜாகிர்தார்கள் இருந்தார்கள். ஜாகிர் ஒழிந்தது 1976-ல்தான்.

வெளியூர்க்காரர்களுக்குக் கள்ளக்குறிச்சி என்றால் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட விஷச் சாராயம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பாதிப் பேருக்குத் தெரியாது. மரச்சிற்பம் நம் கதையில் மறுபடி வரும்.

வாசலில் மாமனார். "வாங்க மாப்ள" என்றார், குரலைத் தாழ்த்தி. காபி வந்ததும் கதவைச் சாத்தினார்கள். துப்பாக்கி வந்தது.

பார்த்ததும் எனக்கு முதல் ஏமாற்றம். அது த்ரீ நாட் த்ரீ இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். த்ரீ நாட் த்ரீ என்றால் குழலின் துளை .303 அங்குலம். லீ-என்ஃபீல்டு என்று பெயர். பழைய சினிமாவில் கான்ஸ்டபிள்கள் தோளில் தொங்குமே, அதேதான். வலது பக்கம் கையால் இழுத்துத் தள்ளுகிற போல்ட் இருக்கும். விசைக்கு முன்னால் பத்துத் தோட்டா கொள்ளும் இரும்புப் பெட்டி இருக்கும். எடை நாலு கிலோ. போல்ட்டுக்குக் கீழே, வலது பக்கக் கழுத்தில், ஜாதகமே எழுதியிருக்கும். மேலே கிரீடம், கீழே ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர் காலம். அதற்கடியில் செய்த இடம், வருஷம், மாடல். வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்ததென்றால் அந்தப் பெயரே இருக்கும். குடியரசான பிறகு செய்ததில் கிரீடம் இறங்கி அசோகர் சிங்கம் உட்கார்ந்திருக்கும். ஆக, அதை அடையாளம் காண்பது ரேஷன் கார்டு படிக்கிற மாதிரி சுலபம்.

இரண்டு உலக யுத்தம் பார்த்த துப்பாக்கி அது. 1962-ல் சீனாவோடு மோதியபோது நம் ஜவான்கள் கையில் பெரும்பாலும் அதுதான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடுதான் அதற்குப் பிரியாவிடை கொடுத்தது.

"அது இல்லன்னா விலை கொறையுமா மாமா?" என்றான் மச்சினன்.

"அது இல்லைன்னு சந்தோஷப்படு" என்றேன். நம் ஊரில் .303 தடை செய்யப்பட்ட ரகம். ராணுவத் தோட்டா போடக்கூடிய எதுவும் சாமானியன் கைக்கு வரக் கூடாது என்பது வெள்ளைக்காரன் போட்ட கணக்கு. அதனால்தான் நம் நாட்டில் வேட்டைத் துப்பாக்கி .315 என்று தனி அளவில் பிறந்தது. உடம்பு கிட்டத்தட்ட லீ-என்ஃபீல்டுதான், தோட்டா மட்டும் வேறு. இன்னொரு வேலையும் செய்தார்கள். இஷாப்பூரில் .303 துப்பாக்கிகளை எடுத்து, குழலை .410 அளவில் வழவழவென்று மாற்றி, தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே குண்டு என்று ஆக்கி, போலீஸுக்கும் ஜெயில் காவலுக்கும் கொடுத்தார்கள். பார்க்கப் புலி, உள்ளே பூனை. ஆனால் ஆயுத விதிகளின் அட்டவணையில் அந்தப் பூனையும் .303-ன் பக்கத்திலேயே, அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஏழு வருஷத்திலிருந்து பதினாலு வருஷம் வரை உள்ளே.

மாமியார் துப்பாக்கியிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

*

அப்படியானால் இது என்ன?

ஏறத்தாழ என் நெஞ்சு உயரம். போல்ட் இல்லை, பெட்டி இல்லை. வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். மருந்தை இடிக்கிற கம்பி அடியில் செருகியிருந்தது. பக்கத்தில் சேவல் தலை மாதிரி வளைந்த இரும்பு. அதற்குக் 'குதிரை' என்று பெயர். விசையை இழுத்தால் குதிரை போய்க் 'கேப்பு' மேல் விழும். கேப்பு என்பது தீபாவளிப் பொட்டு வெடியின் பெரியப்பா. அது பொறி விட, உள்ளே மருந்து வெடிக்கும்.

குதிரையைத் தாங்கிய இரும்புத் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்தேன். ஒரு கிரீடம் தெரிந்தது. அப்புறம் எழுத்து. 'டவர்'. அதற்கு மேலே, 1859.

எனக்குக் கை நடுங்கியது. டவர் என்றால் லண்டன் டவர். பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தனியார் செய்து கொடுத்த துப்பாக்கிகளில் அந்த முத்திரை குத்துவார்கள். 1859 என்றால் என்ஃபீல்டு 1853 மாடல் காலம். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டா என்று சிப்பாய்கள் கொதித்தார்களே, பாரக்பூரில் 1857 மார்ச்சில் மங்கள் பாண்டே கிளம்பினாரே, அந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கி!

"சிப்பாய்க் கலகத்துத் துப்பாக்கியா மாமா?"

"ரெண்டு வருஷம் லேட்டாப் பொறந்திருக்கு. ஆனா அந்தப் பரம்பரைதான்."

மச்சினன் மறுபடி பணக்காரன் ஆனான். நான் கொஞ்சம் நிதானித்தேன். ஏனென்றால் 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் ஒரு காரியம் செய்தான். என்ஃபீல்டின் துளையில் சுருள் சுருளாக மூன்று வரிப்பள்ளம் இருக்கும். குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போவது அதனால்தான். ரைபிள் என்ற பெயரே அந்தப் பள்ளத்தால் வந்தது. கலகம் அடங்கியதும், இந்தியச் சிப்பாய்களுக்கென்று பள்ளமே இல்லாத வழவழத் துளையில் தனியாக ஒரு மாடல் போட்டான். பார்க்க அதே துப்பாக்கி. குறி மட்டும் அருகில்தான் நிற்கும். இவர்கள் கையில் நல்லது கொடுத்தால் நமக்கே திருப்பிவிடுவார்கள் என்ற பயம். நான் சொன்ன .410 பூனை அதற்குப் பிறந்த பேரப் பிள்ளை. சாமானியனுக்கு 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. நாம் லைசென்ஸ் வாங்கவேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. குடகில் கொடவர்களுக்குக் கிடைத்த விலக்கு மட்டும் இன்றும் தொடர்கிறது. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

ஆகவே, நம் துப்பாக்கி உள்ளே வரியா, வழவழப்பா? டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்க்கவேண்டியதுதான் பாக்கி. நான் கண்ணைக் கொண்டுபோனேன்.

"எடு மூஞ்ச அந்தாண்ட!" என்று ஒரு அதட்டல்.

*

வந்தவர் தெருக்கோடி ஏட்டய்யா. ஆயுதப் படைக் கிடங்கில் துப்பாக்கிகளுக்கு வைத்தியம் பார்த்து ரிட்டையர் ஆனவர். மாமனார்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"கெட்டிச்சிருக்கா, காலியான்னு பாத்தீங்களா தம்பி?"

"நாற்பது வருஷம் பரண்ல கிடந்ததுங்க ஏட்டய்யா. இன்னுமா..."

"கருமருந்துக்கு வயசு கிடையாது. ஈரம் படலன்னா அப்படியே இருக்கும்."

அவர் துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகச் சொன்னார். எல்லோரையும் தள்ளி நிற்க வைத்தார். வாயை யாருமில்லாத பக்கம், கரும்புத் தோட்டத்தை நோக்கித் திருப்பினார். குதிரைக்கு அடியில் கேப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டார். இடிக்கிற கம்பியை உருவி மெதுவாகக் குழலுக்குள் விட்டார். கம்பி நின்ற இடத்தில், வாய் மட்டத்தில், சாக்பீஸால் ஒரு கோடு. கம்பியை எடுத்துக் குழலுக்கு வெளியே, ஒட்டினாற்போல் வைத்தார். கோடு வாயருகில் இருக்க, கம்பியின் மறுநுனி கேப்பு மாட்டுகிற இடம் வரை வந்திருக்கவேண்டும்.

நாலு விரற்கடை குறைந்தது.

ஏட்டய்யா எங்களைப் பார்த்தார். "உள்ள இருக்குது" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமனாரும் மாமியாரும் நாற்பது வருஷமாக அந்தப் பரணுக்கு நேர் கீழேதான் படுத்திருக்கிறார்கள். என் மனைவி பிறந்து வளர்ந்தது அந்த அறையில். நான் மறுவீட்டுக்குப் போய்க் குறட்டை விட்டதும் அங்கேதான். நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் ஒரு கையால் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தான். போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தான். அழித்த பிறகும் தடவிக்கொண்டே இருந்தான்.

வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்தால் இதுதான் முதல் பாடம், வாசகர்களே. விலை அப்புறம். அது வெடிக்கும் என்றே வைத்துக்கொண்டு, வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிக் கீழே வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அந்தக் கம்பி வேலையைக்கூட ஏட்டய்யாக்கள்தான் செய்யவேண்டும். கெட்டிச்சதை எடுக்கிறேன் என்று ஆணியால் நோண்டாதீர்கள்.

*

கொஞ்சம் மூச்சு வந்ததும் ஏட்டய்யா, துப்பாக்கியைத் தரையில் கிடத்தியபடியே ஜாதகம் படித்தார். பெண் பார்க்க வந்த பெரியவர் மாதிரி தலையிலிருந்து கால் வரை.

தகட்டை முதலில் பார்த்தார். "இது அசல்தான். வெட்டு ஆழமா, சுத்தமா இருக்கு பாருங்க. நாட்டு ஆளுங்க காப்பி அடிச்சா கிரீடம் வெங்காயம் மாதிரி இருக்கும். ஸ்பெல்லிங்கும் ஒதைக்கும்."

நான் படித்து வைத்ததை ஒன்று எடுத்துவிட்டேன். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்றால் அம்பு முத்திரை இருக்கும். கழித்துக்கட்டி வெளியே விற்றுவிட்டால், அந்த அம்புக்கு எதிரே இன்னொரு அம்பைக் குத்துவார்கள். இரண்டு அம்பும் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், கை கழுவியாகிவிட்டது என்று அர்த்தம். பட்டாளத்துக் கழிவுச் சாமானுக்கு அதுதான் விடுதலைப் பத்திரம்.

"எங்க, தேடுங்க" என்றார். தேடினேன். இல்லை. குழலில் எந்த முத்திரையுமே இல்லை.

"இருக்காது தம்பி. குழல் அசல் கிடையாது. அசல் குழல் அடியில பருத்து, நுனிக்கு வர வர மெலியும். வெடி அடியிலதான அழுத்தும்? இது பாருங்க, ஒரே கனம். பைப்பு. ஏதோ கொல்லுப்பட்டறையில சேத்தது." அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய ஒட்டுக் கோட்டைக் காட்டினார். "இத வெச்சு சுட்டா எதிர்ல இருக்கிறவன் பிழைச்சாலும் பிழைப்பான். சுடுறவனுக்கு உத்தரவாதம் இல்ல."

உள்ளே வரியா வழவழப்பா என்ற என் ஐந்து ராத்திரி ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

அடுத்து மரக்கட்டை. ராணுவ என்ஃபீல்டுக்கு வால்நட் மரம் போடுவார்கள். இது அது இல்லை. கன்னம் பதிகிற இடத்தில் சின்னதாய்க் கொடியும் ஒரு அன்னமும் செதுக்கியிருந்தது. ராணுவத்தில் யாரும் அன்னம் செதுக்கித் தர மாட்டார்கள். மாமனாரின் சிநேகிதர் ஒருவர் மரச்சிற்ப வேலை செய்கிறவர். எட்ட நின்றே பார்த்துவிட்டு, "வாகை மரம். கொடியோட சுழியப் பாத்தா எங்க வேலைதாங்க. பழைய கை" என்றார். அவர் முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷம்.

ஆக, தீர்ப்பு. லண்டன் டவர் முத்திரை போட்ட குதிரைத் தகடு ஒன்று. உள்ளூர்க் கொல்லர் சேர்த்த குழல் ஒன்று. கள்ளக்குறிச்சி ஆசாரி செதுக்கிய கட்டை ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டுக் குடும்பம். நம் ஊர்ப் பழைய துப்பாக்கிகளில் இப்படிப்பட்ட கலப்புகள் சகஜம் என்றார் ஏட்டய்யா.

*

இப்போது மதிப்பீடு. பி.காமுக்கு வேலை.

அமெரிக்க விலை: அங்கே 1898-ம் வருஷம் வரை செய்த துப்பாக்கி மத்தியச் சட்டத்தின் கணக்கில் பழம்பொருள். லைசென்ஸ் தொல்லை இல்லாமல் வாங்கி மாட்டிவைக்கலாம். அதனால் முழு அசலுக்கு நல்ல விலை. நம்முடையது கால் அசல். அந்தக் காலும் இங்கிருந்து போக முடியாது. நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது என்கிறது 1972 சட்டம். ஆக, ஆயிரம் டாலர் பெருக்கல் பூஜ்யம்.

உள்ளூர் விலை: விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் லைசென்ஸ் வேண்டும். ரிப்பேர் செய்தாலும் சுடாது என்கிற நிலையிலிருக்கும் பழங்காலத் துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தில் 45-ம் பிரிவு விலக்கு தருகிறது. நம்முடையதில் மருந்தே இருக்கிறது! விலக்குக் கேட்டால் சிரிப்பார்கள்.

இரும்புக்கடை விலை: சொன்னால் மச்சினன் அழுவான்.

பின்னே யாருமே இதற்கு விலை தர மாட்டார்களா? தந்தார்கள். அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு ஆள் இருபதாயிரம் தரேன்னான் மாமா. ரெடி கேஷ்" என்றான் மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு. போர்வெல் கடனுக்கு ஃபைனான்ஸ்காரன் வியாழக்கிழமை வருகிறான். பதினெட்டாயிரம் கட்டவேண்டும். புரோக்கர் சமவெளி ஆள்தான். வாங்கி மேலே மலையில் யார் தலையிலாவது கட்டுவான்.

மலையில் இதற்கு ஏன் கிராக்கி என்று புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. மரவள்ளியைப் பன்றி கிளறிவிட்டுப் போனால் ஒரு வருஷச் சோறு போயிற்று. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தாலே இப்போது இரண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம். ராத்திரி இருட்டில் பன்றி என்று நினைத்து மனுஷனைச் சுட்ட கதைகளும் உண்டு. அதற்கு முன்னால் பைப்புக் குழல் முகத்திலேயே பிளந்துகொண்டால் அதுவும் உண்டு. சேலம், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் போலீஸ் அவ்வப்போது 'தானாக ஒப்படைத்துவிடுங்கள்' என்று கிராமம் கிராமமாகச் சொல்வது இதற்காகத்தான்.

"யாரோ வாங்குவான், நமக்கென்ன மாமா?" என்று முந்தாநாள் வரை நினைத்திருக்கிறான். இப்போது அவன் கை மறுபடி மோவாய்க்குப் போனது.

"வேணாம் மாமா" என்றான் அவனே.

*

பரணில் மறுபடி தேடியதில் ஒரு தகரப் பெட்டி. அதில் தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம். தென்னாற்காடு மாவட்ட முத்திரை. பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய் வழி கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று. கடைசிப் புதுப்பிப்பு 1983. தாத்தா மறைந்தது 1984. அதற்கப்புறம் யாருக்கும் ஞாபகமே இல்லை. பட்டாளத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் கிடையாது.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கவேண்டும் என்கிறது 21-ம் பிரிவு. வாரிசு தன் பேருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடவும் வழி இருக்கிறது. நாங்கள் நாற்பது வருஷம் 'தாமதமில்லாமல்' இருந்திருக்கிறோம்.

ஏட்டய்யா ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். துப்பாக்கியை நாங்கள் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகவில்லை. அவர்களே ஆளோடு வந்தார்கள். மனு எழுதினேன். மாமனார் கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. வந்த அதிகாரி லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, நீங்களா சொன்னீங்க. நாங்களா வந்து எடுத்திருந்தா இந்தக் கதையக் கோர்ட்ல சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். அதைக் கேட்டு மாமனார் அழுதேவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, உள்ளே இருந்ததைப் பத்திரமாக எடுத்துவிட்டதாகத் தகவல் வந்தது. மச்சினன் போய் ரசீது வாங்கி வந்தான். அதை நடு வீட்டில் நின்று உரக்கப் படித்தான். "கருமருந்து. தேங்காய் நார். சைக்கிள் பால்ரஸ் பதினொன்று."

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆயா, அதாவது மாமனாரின் அம்மா, நிமிர்ந்தார். இத்தனை நாள் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காது மந்தம் என்று விட்டுவிட்டோம்.

"பதினொண்ணா? சரிதான். அவருதான் ரொப்பி வெச்சாரு. மரவள்ளில பன்னி எறங்குதுன்னு. ராவெல்லாம் குந்திகினு இருந்தாரு. பன்னி வரல. காலையில வந்து சாத்தி வெச்சாரு. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தாரு."

அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"ஏன் ஆயா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான் மச்சினன்.

"யாரு கேட்டீங்க?" என்று இடிக்க ஆரம்பித்தார். பிறகு நிறுத்தி, "மிலிட்டரியாம் மிலிட்டரி. அவரு விழுப்புரம் தாண்டினதில்ல. அந்த அன்னத்த மட்டும் நான்தான் போடச் சொன்னேன்" என்றார்.

சென்னைக்கு வந்ததும் மனைவியை எழும்பூருக்குக் கூட்டிப்போனேன். பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021-ல் திறந்த போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் விதவிதமாகத் துப்பாக்கிகள். எதிலும் அன்னம் இல்லை என்றாள்.

கடைசியாகக் கணக்கு. வியாழக்கிழமை ஃபைனான்ஸ்காரன் வந்துவிட்டான். மாமனார் வீட்டில் 'நாம' கூடி யோசித்தது. என் பேங்க்கிலிருந்து இருபதாயிரம் போனது. கடனுக்குப் பதினெட்டு, மிச்சம் வீடு மேய.

புரோக்கர் சொன்ன அதே விலை. ஆக, அந்தத் துப்பாக்கியை வாங்கிய ஆள் நான்தான். சரக்கு ஸ்டேஷனில் இருக்கிறது. என்னிடம் ஒரு ரசீதின் ஜெராக்ஸ் காப்பி மட்டும் இருக்கிறது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பி.காமில் சொல்லித் தரவில்லை.

முதலீடு என்று எழுதிவிட்டேன்.